ஏர் பெட் போட்ட பிறகும் ஏன் சிவக்கிறது?

கேள்வி: சிஸ்டர், மயிலாப்பூரில் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 76 வயது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்து ஒரு மாதம் ஆகிறது. மூக்கு டியூப் எடுத்தாகிவிட்டது. குழைத்துக் கொடுத்தால் விழுங்குகிறார். சர்க்கரை உண்டு. எடை 55 கிலோ. டயபர்தான். காலை 8 முதல் இரவு 8 வரை நர்சிங் பீரோ மூலமாக ஓர் அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார். புண் வராது என்று கடையில் சொன்னதால் ஏர் பெட் வாங்கிப் போட்டோம். போன வாரம் உடம்பு துடைத்துவிடும்போது, இடுப்புக்குக் கீழே எலும்பு தட்டுகிற இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. அந்த அம்மா ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பவுடர் போடுகிறார். நாத்தனார் காற்றடைத்த ரப்பர் வளையம் வாங்கி அனுப்பியிருக்கிறார். மாமனார் 'உடம்புச் சூடு, நல்லெண்ணெய் தேய்' என்கிறார். இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பச் சொன்னார் டாக்டர். பகலில் சரி, ராத்திரி? கணவர் வேலையிலிருந்து வரவே ஒன்பதரை ஆகிவிடும். எனக்கு ஏற்கெனவே இடுப்பு வலி. புண் வந்துவிட்டால் 'மருமகள் சரியாகப் பார்க்கவில்லை' என்றுதான் பேசுவார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, சென்னை 4

பதில்: முதலில் அந்தச் சிவப்பைப் பார்த்துவிடுவோம். இன்று மாமியாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுப் பக்கம் அழுத்தமே இல்லாமல் அரை மணி நேரம் விடுங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தை விரலால் லேசாக மூன்று எண்ணும் வரை அழுத்தி எடுங்கள். விரலை எடுத்ததும் வெளுத்து, உடனே மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால், தோல் கிழியவில்லை என்றாலும் அதுதான் படுக்கைப் புண்ணின் முதல் நிலை. நம் நிறத்துக்கு இந்தச் சிவப்பு எல்லோருக்கும் பளிச்சென்று தெரியாது. மாநிறமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அது கருஞ்சிவப்பாகவோ நீலம் பாய்ந்தாற்போலவோதான் இருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிட அந்த இடம் சூடாக, கெட்டியாக, அல்லது சொதசொதவென்று இருக்கிறதா? உங்கள் மாமனார் சொல்லும் 'சூடு' அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அழுத்தத்தால் வந்தது. நல்லெண்ணெயில் இறங்காது.

முதல் நிலையில் இருந்தால் பயப்படவேண்டாம். அந்த இடத்தின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சில நாட்களில் மங்கிவிடும். அதுவரை மல்லாக்கப் படுக்கவைப்பதையே நிறுத்துங்கள். இடது, வலது மட்டும்தான். ஸ்பிரிட்டையும் இன்றோடு நிறுத்துங்கள். நாங்கள் படிக்கிற காலத்தில் வார்டில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்ப்பது தினசரி வேலையாக இருந்தது. அந்த அம்மாவும் அங்கேதான் கற்றிருப்பார், அவரைக் கோபிக்காதீர்கள். ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்கவைக்கும். சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே ஏற்கெனவே நொந்துபோன சதை இன்னும் நொறுங்கும். சென்னைப் புழுக்கத்தில் வியர்வையும் பவுடரும் சேர்ந்தால் தொடை இடுக்கில் பிசைந்த மாவாகிவிடும், அதுவே தோலை அறுக்கும்.

இனி ஏர் பெட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் தப்பு அங்கேதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். ஏர் பெட் போட்டதும் திருப்புவது குறைந்துவிட்டதா, யோசித்துப் பாருங்கள். எத்தனையோ வீடுகளில் இதைப் பார்க்கிறேன். அடையாறில் ஏ.சி. போட்ட தனி அறை, ரிமோட் கட்டில், விலை உயர்ந்த மெத்தை எல்லாம் இருக்கும். நோயாளி மட்டும் காலையிலிருந்து மாலைவரை மல்லாக்கக் கூரையைப் பார்த்தபடி இருப்பார். மெத்தை அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, திருப்பிப் படுக்கவைக்கும் வேலையைச் செய்யாது. கடையில் இதைச் சொல்லமாட்டார்கள்.

உங்கள் மெத்தை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒரு சோதனை. மாமியார் படுத்திருக்கும்போதே, ஏர் பெட்டுக்கு அடியில், அவர் இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்த்திருக்கும்படி கையை நுழையுங்கள். உங்கள் கைக்கும் அவர் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று இருக்கவேண்டும். எலும்பு கையில் தட்டினால் அவர் காற்றில் படுத்திருக்கவில்லை, கட்டிலில் படுத்திருக்கிறார். பம்ப்பில் இருக்கும் திருகை அவர் எடைக்கு ஏற்ற மாதிரி வையுங்கள். ரொம்பவும் கூட்டினால் மெத்தை பலகையாகிவிடும். ஏர் பெட்டுக்குக் கீழே ஏற்கெனவே இருந்த ஃபோம் அல்லது பஞ்சு மெத்தை அப்படியே இருக்கட்டும். மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு, தேவையானால் ஒரு அண்டர்பேட். ரப்பர் ஷீட், அதன் மேல் ஜமுக்காளம், அதன் மேல் பெட்ஷீட், அதன் மேல் துண்டு என்று அடுக்கினால் மெத்தைக்குக் கொடுத்த காசு வீண்.

கரண்ட் போனால் காற்று இறங்கும். 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் சென்னையில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத பகுதிகள் இருந்தன. இந்தப் பம்ப் ஓர் எல்.இ.டி. பல்பு அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் மாட்டிவிடுங்கள். கரண்டும் இல்லை, இன்வெர்ட்டரும் தீர்ந்துவிட்டது என்றால், கீழே உள்ள சாதா மெத்தையை நம்பி அடிக்கடி திருப்பவேண்டியதுதான்.

ரப்பர் வளையத்தை நாத்தனார் பாசத்தோடுதான் அனுப்பியிருப்பார். ஆனால் பயன்படுத்தாதீர்கள். நடுவில் ஓட்டை இருப்பதால் புண் வரும் இடம் அந்தரத்தில் இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் இருக்கும் தோலுக்கு வரும் ரத்தத்தைத் தடுத்துவிடும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்குக் கீழே வைப்பார்களே, அதுவும் வேண்டாம். குதிகாலுக்கு ஒரு தலையணை போதும். அதை ஆடுசதைக்கு நீளவாக்கில் கொடுத்து, குதிகால் படுக்கையைத் தொடாமல் தொங்கும்படி வையுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும்.

நாம் தூக்கத்தில் எத்தனை முறை புரண்டு படுக்கிறோம் என்று நமக்கே தெரியாது. ஒரே இடத்தில் பாரம் விழுந்தால் அங்கே ரத்தம் குறைந்து வலி எடுக்கும். உடம்பு தானாகப் புரண்டுகொள்ளும். உங்கள் மாமியாருக்கு வலது பக்கம் உணர்வு மங்கியிருக்கலாம். உணர்ந்தாலும் புரள முடியாது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதைத்தான். விரல்கள் அழுகி விழுவது அந்த நோயின் இயல்பு என்று அதுவரை நம்பியிருந்தார்கள். வலி தெரியாததால் அடிபடுவதும் அழுத்தம் படுவதும் தெரியாமல் போகிறது, அதனால்தான் சதை சேதமாகிறது என்று அவர் காட்டினார். மாமியாரின் உடம்பு கொடுக்காத அந்த எச்சரிக்கையை இப்போது வீட்டில் இருப்பவர்கள்தான் கொடுத்தாகவேண்டும்.

திருப்புவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் இடுப்பு வலிக்கு அதில்தான் மருந்து இருக்கிறது. முதலில் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள், இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை கொடுத்து உங்கள் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து வேலை செய்வதுதான் உங்கள் முதுகைக் கெடுக்கிறது. அப்படி உயர்த்தினால் பக்கவாட்டில் தடுப்பு அவசியம். மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்து நாலாக மடியுங்கள். அதை மாமியாரின் தோளிலிருந்து தொடைவரை வரும்படி அடியில் விரித்துவிடுங்கள். சுருக்கம் இருக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு பக்கம் நின்று வேட்டியின் ஓரத்தை அவர் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து தூக்கி நகர்த்துங்கள். இழுக்காதீர்கள். இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டி நின்றுவிடும், எலும்பு மட்டும் நகரும். நடுவில் இருக்கும் ரத்தக்குழாய்கள் கிழியும். தலைமாட்டை உயர்த்தி உட்காரவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி இறங்குவார் பாருங்கள், அப்போது நடப்பதும் இதுவே.

முழுசாகப் புரட்டி ஒருபக்கமாகப் படுக்கவைக்கத் தேவையில்லை. அப்படி நேர் ஒருக்களிப்பாகப் படுத்தால் தொடை எலும்பு துருத்தும் இடத்தில் எல்லாப் பாரமும் விழுந்து அங்கே புண் வரும். முப்பது டிகிரி சாய்வு போதும். வேட்டியின் ஒரு பக்கத்தை உங்கள் பக்கம் தூக்கிப் பிடித்து, தோளிலிருந்து இடுப்புவரை ஒரு தலையணையைச் செருகிவிடுங்கள். அவர் அந்தத் தலையணையில் சாய்ந்தாற்போல் இருப்பார். பாரம் பிட்டத்தின் சதை மேல் விழும். நடு எலும்பும் தொடை எலும்பும் தப்பிக்கும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், அந்தச் சிவந்த இடம் எதையும் தொடாமல் இருக்கவேண்டும். முழங்கால்களுக்கு நடுவில் இன்னொரு தலையணை. வலது கையைப் பிடித்து மட்டும் தூக்கவே தூக்காதீர்கள். பக்கவாதம் வந்த தோள் சுலபமாக இறங்கிவிடும். அந்தக் கையைத் தலையணை மேல் வையுங்கள்.

இதில் பெரிய வசதி என்ன தெரியுமா? ராத்திரியில் ஆளைப் புரட்டவேண்டியதில்லை. இடது பக்கத் தலையணையை உருவி வலது பக்கம் செருகினால் போதும். ஒருவரே செய்யலாம். மாமியாரின் தூக்கமும் அவ்வளவாகக் கலையாது.

இரண்டு மணி நேரக் கணக்கு புதிதல்ல. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்களைக் கவனிக்க வந்த டாக்டர் லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை அவர்களைத் திருப்பவைத்தார். புண் அழுகி இறப்பார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்தார்கள். அதன் பிறகு மெத்தைகள் எவ்வளவோ மாறிவிட்டன. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 900-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நல்ல ஃபோம் மெத்தையில் படுத்தவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தார்கள். புண் வந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஆய்வு தொடங்கும்போது அவர்கள் யாருக்கும் புண் இல்லை, தோலை ஆட்கள் தினமும் பார்த்துக் குறித்துவந்தார்கள். இதை மறக்காமல்தான் அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளவேண்டும்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. சிவப்பு போகும்வரை பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியில் இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறையாவது. எட்டு மணிக்குக் கிளம்பும் முன் அந்த அம்மா திருப்பிவிட்டுப் போகட்டும். பத்தரைக்கு உங்கள் கணவர். ஒரு மணிக்கு அவரே அலாரம் வைத்து எழுந்து தலையணையை மாற்றி, டயபரையும் பார்க்கட்டும். மூன்றரைக்கு நீங்கள். ஆறு மணிக்கு எப்படியும் வீடு விழித்துவிடும். தோல் பழையபடி ஆன பிறகு இரவில் மூன்று மணி நேரமாக்குங்கள். காலையில் பார்க்கும்போது எங்கும் சிவப்பு இல்லை என்றால் அது போதும். இருந்தால் மறுபடி குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரத்துக்குப் போவதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். கணவர் வரவே ஒன்பதரை ஆகிவிடும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தெரியும். ஆனால் படுத்திருப்பவர் அவருடைய அம்மா, நீங்களும் தூங்கவேண்டும்.

இன்னொருவர் இருக்கிறார். உங்கள் மாமனார் பகல் முழுதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் அல்லவா? ஒரு நோட்டும் பேனாவும் அவரிடம் கொடுங்கள். மணி, எந்தப் பக்கம், டயபர் மாற்றினோமா, தோல் எப்படி என்று அவர் குறிக்கட்டும். மனைவிக்கு ஒன்றும் செய்யமுடியவில்லையே என்ற தவிப்பில்தான் வீட்டுப் பெரியவர்கள் எண்ணெய், சூடு என்று யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பொறுப்பு கொடுத்துப் பாருங்கள், உங்களைவிடக் கறாராக நேரம் பார்ப்பார்.

தோலைப் பார்ப்பது தினமும் இரண்டு வேளை: காலையில் துடைக்கும்போது, இரவு படுக்கும்முன். இடுப்பு மட்டும் போதாது. பின்மண்டை, காது மடல், தோள்பட்டை, முழங்கை, கணுக்கால், குதிகால் எல்லாம். வலது பக்கத்தை இரண்டு தடவை பாருங்கள். வலது கை வளையலையும் வலது கால் மெட்டியையும் கழற்றிவிடுங்கள். அவருக்கு மனசு கேட்காவிட்டால் இடது பக்கம் மட்டும் இருக்கட்டும், அங்கே உணர்வு இருக்கிறது. நைட்டியின் பட்டன், தையல் மடிப்பு, படுக்கையில் சிந்திய உணவுத் துகள், உருண்டுபோன ஹேர்பின் இவையெல்லாம்கூட சில மணி நேரத்தில் தடம் போட்டுவிடும்.

டயபர் நனைந்த உடனே மாற்றவேண்டும். 'இன்னும் தாங்கும்' என்று வைத்திருக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, மெல்லிசாக வாஸ்லின் அல்லது துத்தநாக ஆக்சைடு க்ரீம் தடவுங்கள். பகலில் ஒரு மணி நேரமாவது டயபர் இல்லாமல் அண்டர்பேட் மேல் விடலாம். கை கால் வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவுங்கள், சிவந்த இடத்தை மட்டும் தேய்க்காமல்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. படுத்திருப்பவருக்கு 'லைட்டா' கொடுக்கவேண்டும் என்று ரசம் சாதத்தைக் கரைத்துக் கொடுத்தே உடம்பை வற்றவிடுகிறோம். தோல் தாக்குப்பிடிக்கவும் ஆறவும் புரதம் வேண்டும். எடையில் கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் என்பது கணக்கு. உங்கள் மாமியாருக்கு நாளைக்கு 70 முதல் 80 கிராம் ஆகிறது. முட்டை உங்கள் அடுப்படிக்குள் நுழையும் என்றால் ஒன்றுக்கு 6 கிராம். நுழையாது என்றால் பாலும் தயிருமாக 600 மில்லி, அதில் 20 கிராம் கிடைக்கும். பாசிப்பருப்பும் துவரம்பருப்புமாக 75 கிராம் குழைய வேகவைத்தால் 17 கிராம். பனீர் 50 கிராம் அரைத்துச் சேர்த்தால் 9. சத்துமாவுக் கஞ்சி, இட்லி, சாதம் எல்லாமாக 15 வரும். மீதியை டாக்டரைக் கேட்டுப் புரதப் பவுடரில் ஈடுகட்டலாம். சர்க்கரை உள்ளவர் என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்த்த பிறகே புரதத்தைக் கூட்டவேண்டும், இதைத் தவறவிடாதீர்கள். சர்க்கரை ஏறிக்கிடந்தால் எதைச் சாப்பிட்டும் தோல் ஆறாது. ஊட்டும்போது நன்றாக நிமிர்த்தி உட்காரவையுங்கள். முழங்காலுக்கு அடியில் முதலில் தலையணை கொடுத்துவிட்டுப் பிறகு தலைமாட்டை உயர்த்தினால் சறுக்கமாட்டார். சாப்பிட்டு அரை மணி, முக்கால் மணி கழித்துச் சாய்வாக இறக்குங்கள். நாற்காலியில் உட்காரவைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

'மருமகள் சரியாகப் பார்க்கவில்லை' என்ற பேச்சைப் பற்றி. 'சூப்பர்மேன்' படத்தில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் கழுத்தெலும்பு அடிபட்டுக் கையும் காலும் செயலிழந்தவர். பணத்துக்கோ ஆட்களுக்கோ அவருக்குக் குறைவே இல்லை. 2004-இல் இறப்பதற்கு முன் அவருக்கும் அழுத்தப் புண்ணில் தொற்று ஏறி, அதற்குத்தான் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. பெரும்பாலான புண்களைத் தடுக்கலாம், எல்லாவற்றையும் தடுக்கமுடியாது. நாணயம் அளவில் இருக்கும்போதே பார்த்துவிட்டீர்கள். பேசுபவர்களை ஒரு ராத்திரி மூன்றரை மணி டூட்டிக்குக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு நர்ஸ் வந்து பார்த்தால் நல்லது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டிலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. காசு கிடையாது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். வழி தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள். மயிலாப்பூருக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம். முதியோருக்கென்றே கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது.

இரண்டு மூன்று நாளில் சிவப்பு மங்கவில்லை, தோல் உரிந்தது, நீர்க்கொப்புளம் வந்தது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கறுப்பாக, ஊதாவாக மாறினாலோ, நாற்றம், சீழ், காய்ச்சல், புதிதாகக் குழப்பமான பேச்சு இருந்தாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள். அதுவரை அந்த இடத்தில் மஞ்சள், சந்தனம், அயோடின், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். சலைன் தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணியால் மூடினால் போதும். நாளைக் காலையில் அந்த அம்மா வந்ததும் வேட்டி வைத்துத் தூக்குவதை ஒருமுறை இருவரும் சேர்ந்து செய்து பாருங்கள்.